குயில்ட்டும் தைக்க வேண்டும், ஜீன்ஸும் தைக்க வேண்டும்: எந்த மெஷின்?

நூல்கண்டு

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஒன்பது வருடப் பழைய கணினித் தையல் மெஷின். அறுபது வகைத் தையல் போடும், நான் போட்டது மூன்று. சட்டை, தலையணை உறை, திரைச்சீலை வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. போன வருடம் குயில்டிங், அதாவது மூன்றடுக்குப் போர்வை தைப்பது, பழகினேன். கூடவே பழைய ஜீன்ஸ்களை வெட்டிப் பைகள் தைக்கவும் தொடங்கினேன். அன்றிலிருந்து எனக்கும் அதற்கும் சண்டைதான்.

ஜீன்ஸின் பக்கத் தையல் வரும் இடத்தில் மோட்டார் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கிறது. கையால் சக்கரத்தைச் சுற்றி இறக்கினால் ஊசி உடைகிறது. குயில்ட்டில் வேறு கதை. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்றும் சேர்ந்து நகர மாட்டேன் என்கின்றன. முன்பக்கம் பார்த்தால் நேராக இருக்கிறது, திருப்பினால் அடித்துணி முழுக்கச் சுருக்கம்.

மெஷினை மாற்றலாம் என்று முடிவு செய்துவிட்டேன். போகிற கடையில் எல்லாம் ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதிய ஒன்றைத்தான் காட்டுகிறார்கள். என் தேவை இதுதான்: 90×100 அங்குல குயில்ட், நான்கு மடிப்பு ஜீன்ஸோடு பட்டை வைத்துத் தைக்கும் பை, எப்போதாவது ஜிக்ஜாக். ஒரே மெஷினில் இதெல்லாம் முடியுமா?

பட்டறை

மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. ஜீன்ஸ் தைத்தபோது என்ன ஊசி போட்டிருந்தீர்கள்?

நூல்கண்டு

மெஷினோடு வந்ததுதான் அண்ணா. 80 என்று நினைவு.

பட்டறை

அதைத்தான் எதிர்பார்த்தேன். ஊசியில் போட்டிருக்கும் எண் அதன் தண்டின் குறுக்களவு. 80 என்றால் 0.80 மில்லிமீட்டர். ஜீன்ஸ் மடிப்பில் அது வளையும். வளைந்த ஊசி, அது இறங்கும் துளைத்தட்டின் விளிம்பில் மோதினால் உடையும், அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியில் மோதினால் கொக்கியின் முனை மழுங்கும். 100/16 ‘ஜீன்ஸ்’ ஊசி (16 என்பது அதே அளவின் அமெரிக்க எண்) போட்டுப் பாருங்கள், ரொம்பக் கெட்டியான இடத்துக்கு 110/18. ஜீன்ஸ் ஊசியின் தண்டு அழுத்தமாக இருக்கும், முனை நெருக்கமான நெசவைக் குத்தி இறங்கும். என்னிடம் ‘மெஷினுக்குச் சக்தி போதவில்லை’ என்று தூக்கி வருகிறவர்களில் பலருக்கு ஊசியை மாற்றிக் கொடுத்தே அனுப்பியிருக்கிறேன். அதற்குக் காசு வாங்கக்கூட மனம் வராது.

இன்னொன்று. மோட்டார் உறுமி நிற்கும்போது மிதியை மேலும் அழுத்தாதீர்கள். சிறிய மோட்டார் சூடாகி வீணாகும்.

‘ஹெவி டியூட்டி’ பற்றி: வீட்டு மெஷின்களில் அந்தச் சொல்லுக்கு யாரும் அளவுகோல் வைக்கவில்லை. உள்ளே உலோகச் சட்டம் இருந்தால் ஒரு நிறுவனம் அப்படி எழுதும், வேகம் கூடுதலாக இருந்தால் இன்னொன்று எழுதும். சிங்கர் 4423-இல் நிமிடத்துக்கு 1100 தையல். வேகம் சரிதான், ஆனால் அதுவே துளைக்கும் பலம் ஆகிவிடாது. கெட்டித் துணியில் நாம் வேகமாகவா தைக்கிறோம்? ஒவ்வொரு தையலாக, மெதுவாக. அந்த மெதுவான ஓட்டத்தில் ஊசிக்கு எவ்வளவு பலம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மோட்டாரின் ஆம்பியர் எண்ணை வைத்தும் எடை போடாதீர்கள். அது மோட்டார் உள்ளே இழுக்கும் மின்சாரத்தின் அளவு, ஊசி முனைக்கு அதில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது வேறு கணக்கு.

இரும்புமெஷின்

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? பழைய வார்ப்பிரும்பு மெஷின் ஒன்றை வாங்கிப் போடுங்கள். சிங்கர் 15 வகை, அல்லது போருக்குப் பிறகு ஜப்பானில் அதைப் பார்த்துச் செய்தவை. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் கிடையாது, சர்க்யூட் கிடையாது. எண்ணெய் விட்டால் பேரன் காலம் வரை ஓடும். நான் அதில் பெல்ட் தோலே தைத்திருக்கிறேன்.

வட்டஊசி

தம்பி, பெல்ட் தோல் சரி. 100 அங்குல குயில்ட்டை அதில் நுழைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

நூல்கண்டு, நீங்கள் ஒரே மெஷினிடம் கேட்பது இரண்டு வெவ்வேறு வேலை. ஜீன்ஸ் பைக்குத் துளைக்கும் பலம் வேண்டும். குயில்ட் அப்படியொன்றும் கடினமான துணி இல்லை, பஞ்சில் ஊசி வெண்ணெய் போல இறங்கும். அதற்கு வேண்டியது இடமும், மேலும் கீழும் ஒரே சீராக இழுக்கும் வசதியும்.

இடம் என்பது ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவில் உள்ள வெளி. சாதாரண வீட்டு மெஷினில் ஆறரை அங்குலம் இருந்தால் அதிகம். இப்போது கணக்குப் போடுங்கள். 100 அங்குல குயில்ட்டின் நடுவில் தைக்கும்போது 50 அங்குலத்தைச் சுருட்டி அந்த வெளிக்குள் திணிக்க வேண்டும். விரிப்போடு சேர்த்து 5 மி.மீ. தடிமன் என்று வைத்தால், மிக இறுக்கமாகச் சுருட்டினாலும் அந்தச் சுருள் 9 செ.மீ. கனம் வரும், அதாவது மூன்றரை அங்குலம். மிச்சம் மூன்று அங்குலம். அதற்குள் கையை வைத்து என்ன பூ வரைய முடியும்? எட்டரை அங்குல மெஷினில் இதே சுருளுக்கு ஐந்து அங்குலம் மிஞ்சும். கேட்கச் சின்ன வித்தியாசம், தோளைக் கேட்டால் தெரியும்.

அடித்துணி சுருங்குவதற்கு மெஷின் காரணமே இல்லாமலும் இருக்கலாம். மூன்று அடுக்கையும் எப்படிச் சேர்த்துப் பிடிக்கிறீர்கள்?

நூல்கண்டு

ஓரங்களில் குண்டூசி குத்துவேன் அக்கா. நடுவில் ஒரு பத்து இருக்கும்.

வட்டஊசி

பத்தா! ஒரு கை அகலத்துக்கு ஒன்று குத்த வேண்டும், அதுவும் ஊக்கு. குண்டூசி கழன்று விழும், இல்லை கையைக் கிழிக்கும். முதலில் அடித்துணியைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி விறைப்பாக்குங்கள். ரொம்ப இழுக்கவும் கூடாது, எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். அதன்மேல் விரிப்பு, அதன்மேல் மேல்துணி. அப்புறம் நடுவிலிருந்து வெளியே ஊக்குக் குத்திக்கொண்டே வாருங்கள். தைப்பதும் அதே வரிசையில்தான், நடுவிலிருந்து ஓரத்துக்கு.

அடுத்தது வாக்கிங் ஃபுட். சாதாரண மெஷினில் துணியை நகர்த்தும் பல் அடியில் மட்டும் இருக்கிறது. அது அடித்துணியை இழுக்கும், மேல்துணி, அதை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டில் உரசிப் பின்தங்கும். வாக்கிங் ஃபுட்டில் மேலேயும் ஒரு ஜோடிப் பல் உண்டு. ஊசி ஏறி இறங்கும் அசைவிலேயே அதுவும் நடக்கும். உங்கள் பழைய மெஷினுக்கே தனியாகக் கிடைக்கும். ஃபுட் மாட்டும் தண்டின் உயரம் பார்த்து வாங்குங்கள், குட்டைத் தண்டு, நெட்டைத் தண்டு என இரண்டு உண்டு. மாற்றி வாங்கினால் பொருந்தாது. மெஷினுக்குள்ளேயே மேல் இழுவை வைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஃபாஃப் நிறுவனத்தின் ஐடிடி 1968-லேயே வந்துவிட்டது. ஜானோமில் அக்யூஃபீட் என்று ஒன்று.

புதுமுகம்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பூ, வளைவு எல்லாம் போடுகிறார்களே, அதற்கும் வாக்கிங் ஃபுட்தானா?

வட்டஊசி

இல்லை. அதற்குப் பல்லையே இறக்கிவிட வேண்டும். துள்ளும் ஃபுட் ஒன்று மாட்டி, இரண்டு கையாலும் துணியை நாமே ஓட்ட வேண்டும். தையலின் நீளம் அப்போது மெஷின் கையில் இல்லை, நம் கை வேகத்துக்கும் கால் வேகத்துக்கும் நடுவில் இருக்கிறது. முதல் பத்து மணி நேரம் கோழி கிளறியது போலத்தான் வரும். வாங்கும் மெஷினில் பல் இறங்குமா என்று மறக்காமல் கேளுங்கள்.

பைதையல்

நான் கான்வாஸ், ரெக்சின் பைகள் தைத்து விற்கிறேன். என் யோசனை: பவர் மெஷின்தான், அதாவது தொழிற்சாலை மெஷின். வீட்டு மெஷின் எதுவானாலும் அது வீட்டு மெஷின்.

ஆனால் இதிலும் எல்லோரும் ஒரு தப்பு செய்வார்கள். பவர் மெஷின் என்றால் எதையும் தைக்கும் என்று நினைத்து, கார்மென்ட்டில் சட்டை தைக்கும் மெஷினை வாங்கி வந்துவிடுவார்கள். ஜூகி டிடிஎல்-8700 மாதிரியான மெஷின் நிமிடத்துக்கு 5500 தையல் வரை போகும். அது மெல்லிய, நடுத்தரத் துணிக்குச் செய்தது. கெட்டித் துணிக்கு அதிலேயே எச் என்று தனி வகை. பட்டை, பல மடிப்பு கான்வாஸ் என்றால் அதுவும் போதாது. ஃபுட்டும் ஊசியும் பல்லும் மூன்றும் சேர்ந்து துணியை நகர்த்தும் ஜூகி 1541 போன்ற மெஷின் வேண்டும். ஊசி துணிக்குள் இருக்கும்போதே சேர்ந்து நகர்வதால் அடுக்குகள் ஒன்றையொன்று தாண்டாது. 9 மி.மீ. வரை தையல் நீளம் வைக்கலாம்.

மோட்டார் முக்கியம். பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்சைப் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும், சத்தமும் சூடும் போகாது. காலைக் கொஞ்சம் அழுத்தினாலே பாய்ந்துவிடும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும், வேகத்தைக் கட்டி வைக்கலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு சர்வோ இல்லாமல் பவர் மெஷினைச் சொல்லவே மாட்டேன்.

மாடிவீடு

ஐயா, அந்த மெஷினை மேசையோடு மூன்றாவது மாடிக்கு யார் தூக்குவது?

பைதையல்

உண்மைதான். தலையும் மேசையும் தனித்தனியாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரு முறை வைத்தால் அது வைத்த இடம்தான்.

வட்டஊசி

1541-இல் நேர்க்கோடு குயில்டிங் அருமையாக வரும். பூ வரைய முடியாது. மூன்றும் சேர்ந்து நடக்கிற அமைப்பில் துணியை நம் இஷ்டத்துக்குத் திருப்ப விடாது. ஜிக்ஜாக்கும் இல்லை. நூல்கண்டு கேட்ட மூன்றில் ஒன்றரை தேறும்.

நூல்கண்டு

ஊசி செய்தி சொல்கிறேன். 100 ஜீன்ஸ் ஊசி போட்டேன். நாலு மடிப்பு போகிறது! ஒன்பது வருடத்தில் அதைச் செய்யவில்லையே என்று எனக்கே வெட்கம். ஆனால் காலோரம் மடித்து அடிக்கும்போது பக்கத் தையல் மேல் ஏறும் இடத்தில் பழையபடி நிற்கிறது.

பட்டறை

வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த இடத்தை எண்ணிப் பாருங்கள். ஜீன்ஸின் பக்கத் தையல் ஒன்றுக்குள் ஒன்று மடித்து அடித்தது, அங்கேயே நாலு மடிப்பு. காலோரத்தை இரண்டு முறை மடித்தால் மூன்று மடங்கு. ஆக 12 மடிப்பு. பக்கத்தில் வெறும் 3. மூன்றிலிருந்து பன்னிரண்டுக்கு ஃபுட் படி ஏற வேண்டும். மூக்குத் தூக்கி நின்றுவிடும், பல்லுக்குப் பிடி கிடைக்காது, ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கும்.

வழி: ஒரு துண்டு ஜீன்ஸை மடித்து ஃபுட்டின் பின்பக்கம் அடியில் வையுங்கள். ஃபுட் கிடைமட்டமாக ஏறும். மேடு தாண்டியதும் அதே துண்டை முன்பக்கம் மாற்றினால் இறங்குவதும் சீராக இருக்கும். அதற்கு முன் மேட்டை ஒரு சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். சிரிக்காதீர்கள், நூல் இழைகள் நசுங்கி உயரம் நன்றாகவே குறையும். தையல் நீளத்தை 3.5 மி.மீ.-க்குக் கொண்டுபோங்கள். மேல் தையல் தெரிய வேண்டும் என்று தடித்த நூல் போட்டால், அதை மேலே மட்டும் போட்டு பாபினில் சாதா நூல் சுற்றுங்கள்.

இரும்புமெஷின்

பார்த்தீர்களா, இந்த வித்தையெல்லாம் என் மெஷினுக்குத் தேவையே இல்லை.

பட்டறை

தேவைப்படும் தம்பி. இரும்பு மெஷினும் ஃபுட்டை ஆறு மில்லிமீட்டர் வாக்கில்தான் தூக்கும். துளைக்கும், ஒப்புக்கொள்கிறேன். கனமான சக்கரம் சுற்றும்போது அந்த வேகமே ஊசியை உள்ளே தள்ளிவிடும், அதில்தான் அதன் பலம். ஆனால் துணி நுழைந்தால்தானே துளைக்க. அப்புறம் பழசு வாங்குகிறவர்களுக்கு ஒன்று: மின்வயரை வளைத்துப் பாருங்கள். உறை வெடித்து உதிர்ந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். சமையல் எண்ணெய் விட்டுக் கெட்டியான மெஷின்கள் மாதம் இரண்டாவது என்னிடம் வரும். அது காய்ந்து பிசினாகிவிடும். மெஷின் எண்ணெய் என்று தனியாக விற்பது அதற்காகத்தான்.

இரும்புமெஷின்

வயர் விஷயம் சரி. என்னுடையதை மாற்றித்தான் ஓட்டுகிறேன். எல்லாப் பழைய மெஷினும் கனமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1933-இல் வந்த சிங்கர் 221 வெறும் 5 கிலோ. குயில்ட் துண்டுகளைத் தைத்துச் சேர்க்க இன்றும் அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு.

வட்டஊசி

ஆமாம், துண்டு சேர்க்க. முழு குயில்ட்டுக்கு அல்ல, அதன் வெளி மிகச் சிறியது. இதைச் சொன்னதில் ஒரு வழி ஞாபகம் வந்தது: முழுசாக ஒரே நேரத்தில் தைக்காமல், பகுதி பகுதியாக மூன்றடுக்கும் தைத்து முடித்துவிட்டு, கடைசியில் பகுதிகளைப் பட்டை வைத்து இணைக்கலாம். சிறிய மெஷினிலும் பெரிய குயில்ட் வரும். எனக்கு அந்த இணைப்புப் பட்டை பிடிக்காது, அதனால் செய்வதில்லை.

நூல்கண்டுக்கு என் பரிந்துரை. நேர்த்தையல் மட்டும் போடும், வீட்டு மேசையில் வைக்கும் மெஷின்கள் சில இருக்கின்றன. ஜூகி டிஎல்-2010க்யூ, பிரதர் பிக்யூ1500எஸ்எல் இரண்டும் அந்த ரகம். நிமிடத்துக்கு 1500 தையல், எட்டரை அங்குலத்துக்கு ஒட்டிய வெளி, பல் இறங்கும், முழங்காலால் ஃபுட் தூக்கலாம், நூல் வெட்டும் வசதி உண்டு. பிரதரில் பல்லுக்கு நடுவே ஒரு முள் எழுந்து அடுக்குகளைக் குத்திப் பிடித்து நகர்த்தும் வசதியும் சேர்ந்திருக்கிறது. முழங்கால் தூக்கியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரண்டு கையும் குயில்ட்டைப் பிடித்திருக்கும்போது மூன்றாவது கை அதுதான்.

ஜிக்ஜாக் கிடையாது. அதற்கு உங்கள் பழைய மெஷினை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஜிக்ஜாக் மெஷினின் துளைத்தட்டில் குறுக்குவாட்டில் பிளவு இருக்கும், ஊசி இறங்கும்போது துணியும் கூடவே கொஞ்சம் இறங்கும். நேர்த்தையல் மெஷினில் ஒரே ஒரு சின்னத் துளை. தையல் நூல் பிடித்தது போல வருவதற்கு அது ஒரு காரணம்.

பைதையல்

இந்த ரகம் பைக்குப் போதுமா என்றால், துணிப் பைக்குப் போதும். ரெக்சினுக்கும் நைலான் பட்டை மூன்று மடிப்புக்கும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். தினமும் பத்துப் பை என்றால் என் கட்சிக்கு வாருங்கள், மாதத்துக்கு இரண்டு என்றால் அக்கா சொல்வதையே கேளுங்கள்.

பட்டறை

நானும் அதற்கே ஓட்டு. ஆனால் கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கடையில் பளபளவென்று ஒரு துண்டைக் கொடுத்துத் தைத்துக் காட்டுவார்கள், அது கஞ்சி போட்ட துணி. எந்த மெஷினிலும் அழகாக வரும். உங்கள் சொந்த மூட்டையைக் கொண்டுபோங்கள்: ஒரு அடி குயில்ட் மூன்றடுக்கு, 12 மடிப்பு மேடுள்ள ஜீன்ஸ் காலோரம், ஒரு மெல்லிய பருத்தித் துணி. மூன்றையும் மிக மெதுவாகத் தையுங்கள். முதல் தையலுக்கே சக்கரத்தைக் கையால் தள்ளிவிட வேண்டியிருந்தால் வேண்டாம். மெல்லிய துணியைத் துளைக்குள் இழுத்துச் சாப்பிட்டாலும் வேண்டாம்.

நூல்கண்டு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மூட்டையோடு இரண்டு கடை ஏறினேன். முதல் கடையில் ‘ஹெவி டியூட்டி’ ஒன்று (பெயர் வேண்டாம்) மேட்டில் ஏறியது, ஆனால் மெதுவாகத் தைக்கும் பேச்சே இல்லை. மிதித்தால் நிற்கிறது, இன்னும் மிதித்தால் பாய்கிறது. குயில்ட் துண்டில் அடித்துணி ஒரு சுருக்கம் வாங்கியது. கடைக்காரர் என் ஜீன்ஸ் துண்டைப் பார்த்து, ‘இதையெல்லாம் யாரம்மா தைப்பார்கள்?’ என்றார். நான்தான் என்றேன்.

இரண்டாவது கடையில் நேர்த்தையல் மெஷின். 12 மடிப்பில் ஒவ்வொரு தையலாக, மிதியைத் தொட்டுத் தொட்டு இறக்கினேன். பின்னால் துண்டு வைத்துத்தான் ஏறியது, அது பரவாயில்லை. வாங்கிவிட்டேன். பழையது ஜிக்ஜாக்குக்கு மூலையில் இருக்கிறது.

இப்போது புதுத் தொல்லை. குயில்ட்டில் பூ போடும்போது இடதுபக்கம் போகும்போது மட்டும் தையல் தாண்டுகிறது. அடியில் அங்கங்கே நூல் கூடு கட்டுகிறது. மெஷின் பழுதா?

பட்டறை

பழுது இல்லை. கூடு அடியில் இருந்தாலும் காரணம் பெரும்பாலும் மேல்நூல். நூல் கோர்க்கும்போது ஃபுட் தூக்கியிருந்ததா? ஃபுட் இறங்கியிருந்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவில் போய் உட்காராது. தூக்கி வைத்து மறுபடி கோருங்கள்.

வட்டஊசி

இடதுபக்கம் தாண்டுவதற்கு நான் சொல்கிறேன். குயில்ட்டின் இடதுபக்கம் மேசையிலிருந்து கீழே தொங்குகிறது, சரியா? அந்தக் கனம் ஊசியை வளைக்கிறது. வளைந்த ஊசியிடம் கொக்கியின் முனை நூலைப் பிடிக்காமல் போய்விடும், அதுதான் தாண்டல். இடதுபக்கம் அதே உயரத்தில் இன்னொரு மேசையைப் போடுங்கள், பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டுங்கள், துணி எங்கும் தொங்கக் கூடாது. ஊசி 90/14 போடுங்கள். கையை வேகமாக இழுக்கிறீர்கள் என்பதும் என் சந்தேகம்.

நூல்கண்டு

ஃபுட் இறங்கித்தான் இருந்தது. இடதுபக்கம் இஸ்திரி மேசையை அதே உயரத்துக்கு ஏற்றி வைத்தேன். கூடும் இல்லை, தாண்டலும் இல்லை. கோழி கிளறல் மட்டும் அப்படியே இருக்கிறது அக்கா.

வட்டஊசி

எத்தனை மணி நேரம் ஆயிற்று?

நூல்கண்டு

நாலு.

வட்டஊசி

இன்னும் ஆறு இருக்கிறது.